68-ஆ, 70-ஆ? அமெரிக்க ஃபுட்பாலில் ஜெர்சி எண்ணின் கதை

2023 டிசம்பர் 30, சனிக்கிழமை இரவு. டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டனில் டல்லஸ் கௌபாய்ஸ் அணிக்கும் டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்கும் ஆட்டம். முடிய 23 விநாடிகளே இருக்கும்போது டெட்ராய்ட் ஒரு டச்டவுன் போட்டது. ஸ்கோர் 20–19, ஒரு பாயின்ட் பின்னால். பந்தை உதைத்து ஒரு பாயின்ட் எடுத்தால் சமன். அதற்குப் பதில் இன்னொரு முறை பந்தைக் கோட்டுக்குள் கொண்டுபோனால் இரண்டு பாயின்ட், வெற்றி. கோச் டான் கேம்ப்பெல் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தார்.

குவார்ட்டர்பேக் ஜேரட் காஃப் எறிந்த பந்தை டெய்லர் டெக்கர் பிடித்தார். டெக்கர் சாதாரணமாகப் பந்தையே தொடாத ஆள். முன்வரிசையில் நின்று எதிரிகளைத் தள்ளுவதுதான் அவர் வேலை. அவரை யாரும் கவனிக்கவில்லை, தனியாக நின்றார், பிடித்தார். டெட்ராய்ட் ஆட்கள் குதித்தார்கள். புல்லில் ஒரு மஞ்சள் கொடி கிடந்தது.

தலைமை நடுவர் பிராட் ஆலன் சொன்ன காரணம் இது: டெக்கரின் எண் 68. அந்த எண் போட்டவர் பந்தைப் பிடிக்க வேண்டுமென்றால் ஆட்டம் தொடங்கும் முன் நடுவரிடம் வந்து தெரிவிக்க வேண்டும். தெரிவித்தவர் 68 அல்ல, 70. அதாவது டான் ஸ்கிப்பர். டெக்கரோ தான் போய்ச் சொன்னதாகவே சொன்னார். இப்படி ஒன்று செய்யப்போகிறோம் என்று ஆட்டத்துக்கு முன்பே நடுவர்களிடம் விளக்கியிருந்ததாக கேம்ப்பெல்லும் சொன்னார். வீடியோவில் பார்த்தால் டெக்கர் நடுவரை நோக்கிப் போகிறார், கூடவே 58-ஆம் எண் பெனே ஸுவல் போகிறார், ஓரத்திலிருந்து ஸ்கிப்பர் ஓடி வருகிறார். எதிரணியைக் குழப்பச் செய்த ஏற்பாடு. நடுவரும் சேர்ந்து குழம்பினார். பாயின்ட் ரத்து. மறுபடி முயன்றார்கள், முடியவில்லை. டெட்ராய்ட் 20–19 என்று தோற்றது.

இரண்டு எண்களுக்கு நடுவில் ஒரு மேட்ச் போச்சு. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது விசித்திரமாக இருக்கும். தோனி 7 போட்டாலும் 77 போட்டாலும் ஸ்டம்பிங் ஸ்டம்பிங்தான். அங்கே எண் ஒரு அடையாளம், ஒரு செல்லம், டீ-ஷர்ட் விற்க ஒரு வழி. அமெரிக்க ஃபுட்பாலில் மட்டும் எண் என்பது சட்டத்தின் ஒரு பகுதி. அது எப்படி அப்படி ஆனது, யாரெல்லாம் அதிலிருந்து வெளியே வந்தார்கள், யாரால் வர முடியவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் ஆட்டத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம். பக்கத்துக்கு 11 பேர். தாக்கும் அணியில் குறைந்தது ஏழு பேர் பந்துக்குப் பக்கத்தில் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். இந்த வரிசையின் இரண்டு முனைகளில் நிற்பவர்களும், வரிசைக்குப் பின்னால் நிற்பவர்களும் முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்கலாம். நடுவில் மாட்டிக்கொண்ட ஐந்து பேர் பிடிக்கக் கூடாது. ஒரு சென்டர், இரண்டு கார்டு, இரண்டு டேக்கிள். இவர்கள்தான் தாக்கும் அணியின் லைன்மேன்கள். பந்தை வைத்திருப்பவரைக் காப்பாற்றுவதும் அவருக்கு வழி உண்டாக்குவதும்தான் இவர்கள் வேலை.

பந்தை முன்னோக்கி எறிவதே 1906-இல்தான் விதிப்படி அனுமதிக்கப்பட்டது. அதற்கு முன் யார் பிடிக்கலாம் என்ற கேள்விக்கே பெரிய வேலை இல்லை. எறியலாம் என்று ஆனதும் தடுக்கும் அணிக்கு ஒரு கவலை வந்தது. எதிரே நிற்கும் 11 பேரில் யார் பின்னால் ஓடணும்? இதைச் சில விநாடிகளில் முடிவு செய்யணும். முகத்தைப் பார்த்தால் தெரியாது. நிற்கும் இடத்தைப் பார்த்தால் ஓரளவு தெரியும். ஆனால் பந்து ஆட்டத்துக்கு வரும்வரை ஆட்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். அப்போது மிச்சம் இருப்பது முதுகிலும் மார்பிலும் எழுதியிருக்கும் எண்தான்.

ஆனால் எண்ணை இந்த வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று தோன்ற நீண்ட காலம் ஆனது. ஆரம்ப காலத்தில் எண் என்பது பார்வையாளர் நிகழ்ச்சித்தாளை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க உதவும் ஒரு வசதி. 1920-களின் பெரிய நட்சத்திரம் ரெட் கிரேஞ்ச். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அவர் எண் 77. ஏன் 77 என்று கேட்டால், வரிசையில் எனக்கு முன்னால் நின்றவனுக்கு 76 கிடைத்தது, பின்னால் நின்றவனுக்கு 78 கிடைத்தது என்பாராம். அவ்வளவுதான் காரணம். இன்றைக்கு ஓட்டக்காரர் யாருக்கும் அந்த எண் கிடைக்காது. அது லைன்மேனின் எண். கிரேஞ்ச் இன்று திரும்பி வந்தால், சிகாகோ பேர்ஸ் அணி அவர் நினைவாக யாருக்கும் தராமல் வைத்திருக்கும் அதே 77-ஐ அவராலேயே போட முடியாது.

*

திருப்பம் 1952-இல் வந்தது. அதற்குப் பின்னால் இரண்டு மாற்றங்கள் இருந்தன. 1950-இல் என்.எஃப்.எல். எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம் என்ற விதியை நிரந்தரமாக்கியது. அதுவரை ஒரே ஆள் தாக்குவதும் தடுப்பதுமாக இரண்டு பக்கமும் ஆடுவது சாதாரணம். இனி ஒவ்வொருவருக்கும் ஒரே வேலை. அடுத்தது டெலிவிஷன். 1951 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலீஸ் ராம்ஸும் கிளீவ்லேண்ட் பிரௌன்ஸும் மோதிய ஆட்டம்தான் அமெரிக்காவின் இரு கரைகளையும் நேரடி ஒளிபரப்பில் எட்டிய முதல் என்.எஃப்.எல். சாம்பியன்ஷிப் ஆட்டம். ஆட்கள் அடிக்கடி மாறுகிறார்கள், சின்னக் கறுப்பு வெள்ளைத் திரை வேறு. எண்ணைப் பார்த்தாலே வேலை தெரிந்தால் எல்லாருக்கும் வசதி.

அந்த ஆட்டத்தில் கிளீவ்லேண்டின் குவார்ட்டர்பேக் ஆட்டோ கிரஹாம் போட்டிருந்த எண் 60. அடுத்த சீசனில் அவர் 14 போட்டுக்கொண்டு வந்தார். காரணம் 1952-இல் வந்த புதிய விதி. சென்டர்களுக்கு 50-களும், கார்டுகளுக்கு 60-களும், டேக்கிள்களுக்கு 70-களும், முனையில் நிற்பவர்களுக்கு 80-களும் என்று பிரித்தார்கள். பின்னால் நிற்பவர்களுக்கு அதற்குக் கீழே உள்ள எண்கள்.

கிளீவ்லேண்டுக்கு இது பெரிய இடப்பெயர்ச்சி. அந்த அணி அதற்கு முன் ஆல்-அமெரிக்கா ஃபுட்பால் கான்ஃபரன்ஸ் என்ற வேறொரு லீகில் இருந்தது. அங்கேயும் ஒரு எண் ஒழுங்கு இருந்தது, ஆனால் கிட்டத்தட்டத் தலைகீழ். சென்டருக்கு 20-கள், முனைக்காரர்களுக்கு 50-கள், குவார்ட்டர்பேக்குக்கு 60-கள். அதனால் 1952-இல் அணியே எண் மாறியது. சென்டர் ஃபிராங்க் காட்ஸ்கி 22-லிருந்து 52-க்குப் போனார். டான்டே லவெல்லி 56-லிருந்து 86. டேக்கிளாக ஆடி பந்தும் உதைத்த லூ குரோஸா 46-லிருந்து 76. அந்த 76 அதுவரை மேரியன் மோட்லியுடையது. 1946-இல் தொழில்முறை ஃபுட்பாலின் நிறத்தடையை உடைத்த நான்கு கறுப்பின வீரர்களில் ஒருவர் மோட்லி. அவருக்கு 36 கிடைத்தது. இன்று கிளீவ்லேண்டில் 76 என்றால் குரோஸாதான். அந்த எண்ணை அவர் பெயரில்தான் ஓய்வு கொடுத்து வைத்திருக்கிறார்கள். மோட்லியின் புகழ்மிக்க ஆண்டுகள் எல்லாம் 76-இல் கழிந்தவை என்பது பழைய புகைப்படங்களைப் பார்ப்பவர்களுக்கு மட்டுமே தெரியும்.

எண்ணை ஒழுங்குபடுத்தும்போது இப்படி ஒன்று நடக்கும். விதி எழுதுபவருக்கு எண் ஒரு அட்டவணையின் கட்டம். அதைப் போட்டு ஆடியவருக்கு அது ஒரு பெயர்.

*

நான் சாஃப்ட்வேர்காரன் என்பதால் இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். டேட்டாபேஸ் வடிவமைப்பில் ரொம்பப் பழைய சண்டை ஒன்று உண்டு. ஒரு ஆளைக் குறிக்கும் எண்ணுக்குள் அவரைப் பற்றிய தகவலையும் திணிக்கலாமா? நம்ம பான் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நான்காவது எழுத்து, வைத்திருப்பது தனிநபரா நிறுவனமா என்று சொல்லிவிடும். ஆதார் அப்படி இல்லை. அந்த 12 இலக்கங்களில் உங்கள் ஊரோ வயதோ ஒளிந்திருக்காது. தகவலைத் திணித்தால் பார்த்த உடனே புரியும், அது பெரிய சௌகரியம். சிக்கல் எப்போது வரும் என்றால், அந்தத் தகவல் மாறும்போது. ஆள் அதே ஆள், வேலை மாறிவிட்டது. இப்போது எண்ணை மாற்றுவதா, பொய் சொல்லும் எண்ணோடு வாழ்வதா?

என்.எஃப்.எல். 70 வருடங்களாக இந்தச் சிக்கலோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

1973-இல் விதியை இன்னும் இறுக்கினார்கள். 1 முதல் 19 வரை குவார்ட்டர்பேக்குகளும் உதைப்பவர்களும். 20 முதல் 49 ஓட்டக்காரர்களும் பின்தடுப்பாளர்களும். 50-கள் சென்டர்களும் லைன்பேக்கர்களும். 60, 70-கள் மற்ற லைன்மேன்கள். 80-கள் பந்து பிடிப்பவர்கள். தடுக்கும் அணியையும் சேர்த்து எல்லாரையும் ஒரே அட்டவணையில் அடைத்தாயிற்று. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவர்கள் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை தந்தார்கள்.

அந்தச் சலுகையில் ஆடியவர்களில் முக்கியமானவர் ஓக்லாண்ட் ரெய்டர்ஸின் சென்டர் ஜிம் ஆட்டோ. எண் 00. ஆங்கிலத்தில் சுழியத்தை 'ஆட்' என்றும் 'ஓ' என்றும் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்தால் ஆட்டோ. பெயரே எண், எண்ணே பெயர். சென்டரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத ஆட்டத்தில் அவரை எல்லாருக்கும் தெரிந்தது. 15 சீசன்களில் 210 ஆட்டங்கள், ஒன்றைக்கூட விடாமல் ஆடினார். அதற்கு உடம்பு கொடுத்த விலை அதிகம். எழுபதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள், 2007-இல் வலது கால் எடுக்கப்பட்டது. 2024-இல் இறந்தார். அவருக்குப் பிறகு ஹூஸ்டன் ஆயிலர்ஸில் கென் பரோ 1981 வரை 00 போட்டு ஆடினார். அத்தோடு சுழியம் லீகிலிருந்து மறைந்தது.

*

இறுக்கியதும் முதலில் இடம் போதவில்லை. 1979-இல் தடுக்கும் லைன்மேன்களுக்கு 90-களைத் திறந்தார்கள், 1984-இல் லைன்பேக்கர்களுக்கும். பிறகு ஆட்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்.

1987-இல் பிரையன் பாஸ்வொர்த் வந்தார். ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் லைன்பேக்கராக 44-ஆம் எண்ணில் ஆடிப் பேர் வாங்கியவர். விசித்திரமான முடிவெட்டு, அதைவிட விசித்திரமான வாய். சியாட்டில் அணி எடுத்தது. 44 வேண்டும் என்றார். லைன்பேக்கருக்கு 50-களோ 90-களோதான் என்றது லீக். 44-ஐ வைத்துத் தொழிலே தொடங்கியிருந்த பாஸ்வொர்த் வழக்குப் போட்டார், தோற்றார். 55-இல் ஆடினார். 2015-இல் லைன்பேக்கர்களுக்கு 40-களைத் திறந்தபோது 28 வருடம் ஓடிவிட்டிருந்தது.

இந்த வழக்கில் எனக்கு ஒன்று புரியவே இல்லை. பாஸ்வொர்த் தடுக்கும் அணியில் ஆடியவர். தடுக்கும் அணியில் யார் பந்தைப் பிடிக்கலாம் என்ற கேள்வியே கிடையாது. எதிரி எறிந்த பந்தை 11 பேரில் யார் வேண்டுமானாலும் பறிக்கலாம். அப்படியென்றால் அவர் எண் 44-ஆ 55-ஆ என்பதில் ஆட்டத்தின் நியாயம் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. அது வெறும் ஒழுங்குக்காக ஒழுங்கு. பள்ளியில் கறுப்பு ஷூ மட்டும் என்பது போல.

2006-இல் ரெஜி புஷ், கல்லூரியில் போட்ட 5-ஐக் கேட்டார். ஓட்டக்காரருக்கு ஒற்றை இலக்கம் கிடையாது என்று மறுத்தார்கள், 25 போட்டார். கீஷான் ஜான்ஸன் விஷயம் வேறு மாதிரி முடிந்தது. 1996-இல் நியூயார்க் ஜெட்ஸ் அவரை எடுத்தபோது அணியில் 80-கள் காலி இல்லை. அதனால் 19 போட்டார், அப்படியே பிரபலமானார். 2004-இல் பந்து பிடிப்பவர்கள் எல்லாருக்கும் 10 முதல் 19 வரை அனுமதி கிடைத்தது. சட்டம் மறுத்ததை இட நெருக்கடி கொடுத்தது.

நடுவில் ஒரு சின்னச் சந்தையும் உருவானது. ஜெஃப் ஃபீகிள்ஸ் என்று ஒரு உதைப்பாளர், நியூயார்க் ஜயன்ட்ஸில். 2004-இல் புதிதாக வந்த எலை மேனிங்குக்குத் தன் 10-ஐக் கொடுத்தார். பதிலுக்குக் குடும்பத்தோடு ஃபுளோரிடா சுற்றுலா. 17-க்கு மாறினார். அடுத்த வருடம் பிளாக்ஸிகோ பரஸ் வந்து 17-ஐக் கேட்டார். அதற்குப் பேசிய விலை வீட்டுக்கு வெளியே ஒரு சமையலறை. ஃபீகிள்ஸ் 18-க்குப் போனார். அதே 2004-இல் வாஷிங்டனில் கிளின்டன் போர்ட்டிஸ் 26-ஆம் எண்ணுக்காகச் சக வீரர் இஃபியானி ஒஹலேட்டிக்கு 40,000 டாலர் தர ஒப்புக்கொண்டார். கொஞ்ச நாளில் ஒஹலேட்டியை அணி வெளியே அனுப்பிவிட்டது. மிச்சப் பணத்தை ஏன் தரணும் என்றார் போர்ட்டிஸ். விஷயம் நீதிமன்றம் வரை போய் சமரசத்தில் முடிந்தது.

சின்சினாட்டியில் 85 போட்ட சாட் ஜான்ஸன் 2008-இல் சட்டப்படி தன் பெயரையே ஓச்சோசின்கோ என்று மாற்றிக்கொண்டார். ஸ்பானிஷில் எட்டு, ஐந்து. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் யோசிச்சுப் பாருங்க, தலை முழுக்க ஹெல்மெட், முகம் தெரியாது, தொழில் வாழ்க்கை பலருக்கு நாலைந்து வருடம்கூட நிலைப்பதில்லை. ரசிகன் கண்ணில் படுவது இரண்டு இலக்கம்தான். அதை இறுக்கிப் பிடித்துக்கொள்வதில் என்ன ஆச்சரியம்?

*

இதுவரை பார்த்ததெல்லாம் பெயரும் புகழும் பற்றிய சண்டை. எண் உண்மையிலேயே சட்டமாக வேலை செய்யும் இடத்தை இரண்டு சம்பவங்கள் காட்டின.

முதலாவது ஒரு பள்ளிக்கூடத்தில். கலிஃபோர்னியாவில் ஓக்லாண்டுக்குப் பக்கத்தில் பீட்மான்ட் உயர்நிலைப் பள்ளி. பள்ளி ஆட்ட விதிப்படி வரிசையில் ஐந்து பேராவது 50 முதல் 79 வரையிலான எண் போட்டிருக்க வேண்டும். ஒரு விதிவிலக்கு உண்டு. பந்தை உதைக்கும் ஏற்பாட்டில் நின்றால் அந்த எண் கட்டாயம் இல்லை. 2007-இல் கோச்சுகள் கர்ட் பிரையனும் ஸ்டீவ் ஹம்ஃப்ரீஸும் யோசித்தார்கள். உதைக்கும் ஏற்பாடு என்றால் பந்தை வாங்குபவர் ஏழு கஜம் பின்னால் நிற்கணும், அவ்வளவுதானே? எல்லா முறையும் அப்படியே நின்றால்? 11 பேரும் பந்து பிடிக்கும் எண்களைப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். உண்மையில் பிடிக்க முடிந்தவர்கள் வழக்கம்போல ஆறு பேர்தான். எந்த ஆறு என்பது கடைசி நொடிவரை எதிரணிக்குத் தெரியாது. இதற்கு ஏ-11 என்று பேர். பெரிய பள்ளிகளோடு மோதும் சின்னப் பள்ளியின் தந்திரம். 2009-இல் விதிவிலக்கைத் திருத்தித் தடை செய்துவிட்டார்கள். விதியின் எழுத்தை மட்டும் படித்து அதன் நோக்கத்தைத் தாண்டிய இந்த வேலையை, நிரலாளனாக நான் ரசிக்கிறேன். தடை செய்ததும் சரிதான் என்றே நினைக்கிறேன்.

அடுத்தது 2015 ஜனவரி 10, என்.எஃப்.எல். பிளே-ஆஃப். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ், பால்டிமோர் ரேவன்ஸிடம் 28–14 என்று பின்தங்கியிருந்தது. அப்போது அவர்கள் நான்கே லைன்மேன்களோடு வந்தார்கள். ஓட்டக்காரர் ஷேன் வெரீன், எண் 34, நடுவரிடம் போய் இந்த முறை நான் பந்து பிடிக்கத் தகுதியில்லாதவன் என்று தெரிவித்தார். தகுதியில்லாதவர் வரிசையின் நடுவில் நிற்பார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். வெரீன் ஓரத்தில் விலகி நின்றார், பந்து பிடிப்பவர் மாதிரி. ரேவன்ஸ் ஆட்கள் அவரைக் காவல் காத்தார்கள். மறுபக்கம் டேக்கிள் நிற்கும் இடத்தில் நின்ற 47-ஆம் எண் மைக்கேல் ஹூமனவானுய் காவலே இல்லாமல் ஓடிப் பந்தைப் பிடித்தார். நடுவர் அறிவித்துவிட்டார், ஆனால் அறிவிப்பைக் கேட்டுப் புரிந்து ஆளை மாற்ற ரேவன்ஸுக்கு நேரம் இல்லை. கோச் ஜான் ஹார்பா மைதானத்துக்குள் ஓடிவந்து கத்தி, அதற்கும் ஒரு தண்டனை வாங்கினார். பேட்ரியாட்ஸ் 35–31 என்று ஜெயித்தது. விதிப்புத்தகத்தைப் படிக்கச் சொல்லுங்கள் என்ற தொனியில் டாம் பிரேடி பதில் சொன்னார். மார்ச்சில் லீக் விதியைத் திருத்தியது. எண்ணுக்கு மாறாகத் தகுதியில்லை என்று தெரிவிப்பவர் இனி வரிசையின் நடுப்பகுதியில்தான் நிற்க வேண்டும்.

இரண்டு தடவையும் விதி எழுதுபவர்கள் ஒன்றைத்தான் காப்பாற்றினார்கள். தடுக்கும் அணி எண்ணை நம்பலாம் என்ற ஒப்பந்தத்தை. எண் சொல்வதற்கு மாறாக ஏதாவது நடக்கப்போகிறது என்றால் முன்கூட்டியே உரக்கச் சொல்ல வேண்டும். அந்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஆட்டம் மறைத்து விளையாடும் விளையாட்டாகிவிடும்.

*

2021 ஏப்ரலில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் முன்மொழிந்த பெரிய தளர்வு நிறைவேறியது. பயிற்சி ஆட்களின் எண்ணிக்கை கூடிவிட்டது, எண் பற்றவில்லை என்பது முன்வைத்த காரணம். அது உண்மைதான். கோடைப் பயிற்சியில் ஒரு அணியில் 90 பேர் வரை இருப்பார்கள். சிகாகோ பேர்ஸ் போல 14 எண்களுக்கு ஓய்வு கொடுத்த அணி என்ன செய்யும்? ஓட்டக்காரர்களுக்கும் பந்து பிடிப்பவர்களுக்கும் 1 முதல் 49 வரையும் 80-களும் கிடைத்தன. பின்தடுப்பாளர்களுக்கு 1 முதல் 49. லைன்பேக்கர்களுக்கு 1 முதல் 59 வரையும் 90-களும்.

இதை எதிர்த்த பெரிய குரல், ஆறு வருடம் முன்பு விதிப்புத்தகத்தைப் படிக்கச் சொன்ன அதே டாம் பிரேடி. இனி சரியான ஆளைத் தடுக்கிறோமா என்று எப்படித் தெரியும் என்று இன்ஸ்டாகிராமில் கிண்டலாகப் புலம்பினார். அவர் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. குவார்ட்டர்பேக் பந்தை வாங்கும் முன் எதிரே நிற்பவர்களில் நடு லைன்பேக்கர் யார் என்று கைகாட்டிச் சொல்வார். அதை வைத்துத்தான் ஐந்து லைன்மேன்களும் யார் யாரைத் தடுப்பது என்று பிரித்துக்கொள்வார்கள். 54 என்றால் லைன்பேக்கர், 24 என்றால் பின்தடுப்பாளர் என்று கண் தானாகப் பிரித்துக்கொண்டிருந்தது. இனி 9 என்றால் யார்? ஆனால் கல்லூரி ஆட்டத்தில் தடுக்கும் அணிக்கு எண் கட்டுப்பாடே இல்லை, அங்கேயும் குவார்ட்டர்பேக்குகள் சமாளிக்கத்தான் செய்கிறார்கள். பிரேடி கேட்டது நியாயத்தை இல்லை, 20 வருடப் பழக்கத்தை. பழக்கத்துக்கும் மதிப்பு உண்டு. சட்டமாக்கும் அளவுக்கு இல்லை.

சுதந்திரத்துக்கு விலைச்சீட்டும் இருந்தது. அந்த வருடமே எண் மாற்ற விரும்பும் வீரர், கடைகளுக்காகத் தயாரித்து வைத்திருக்கும் பழைய எண் ஜெர்சிகளைத் தன் பணத்தில் வாங்கித் தீர்க்க வேண்டும். மினசோட்டாவின் டால்வின் குக் 33-லிருந்து கல்லூரி எண்ணான 4-க்கு மாறப் பார்த்தார். சுமார் 15 லட்சம் டாலர் ஆகும் என்று செய்தி வந்தது. ஒரு வருடம் பொறுத்தால் இந்தச் செலவு இல்லை. பொறுத்தார், 2022-இல் 4 போட்டார்.

2023-இல் பிலடெல்ஃபியா ஈகிள்ஸின் முன்மொழிவில் 0 திரும்பி வந்தது. அதே அணியில் டிஆண்ட்ரே ஸ்விஃப்ட், ஜாக்ஸன்வில்லில் கேல்வின் ரிட்லி, பால்டிமோரில் ரோக்வான் ஸ்மித் எல்லாரும் முதல் வருடமே 0 போட்டார்கள். லைன்மேன்களுக்கு மட்டும் அது கிடையாது. சுழியத்தை அமெரிக்காவே அறியச் செய்தவர் ஒரு லைன்மேன். இன்றைக்கு ஜிம் ஆட்டோ புதிதாக வந்தால் 50-க்கும் 79-க்கும் நடுவில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

*

70 வருடக் கணக்கை இப்போது கூட்டிப் பார்க்கலாம். பந்து பிடிப்பவர்கள் வெளியே வந்தார்கள், ஓட்டக்காரர்கள் வந்தார்கள், லைன்பேக்கர்களும் பின்தடுப்பாளர்களும் வந்தார்கள். அட்டவணையில் கிட்டத்தட்ட அதே கட்டத்தில் இன்னும் நிற்பது லைன்மேன்கள். தாக்கும் லைன்மேனுக்கு 50 முதல் 79. தடுக்கும் லைன்மேனுக்கு அதோடு 90-கள்.

தடுக்கும் லைன்மேனை அடைத்து வைக்க ஆட்ட விதியில் ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. பாஸ்வொர்த்துக்குச் சொன்ன அதே வாதம்தான். அந்தக் கட்டத்தை நாளைக்கே திறந்துவிடலாம், எதுவும் உடையாது. தாக்கும் லைன்மேன் விஷயம் அப்படி இல்லை. 50 முதல் 79 வரை என்பது அட்டவணையில் உண்மையிலேயே வேலை செய்யும் ஒரே வரி. பீட்மான்ட்டில் அதை எடுத்துப் பார்த்தார்கள், என்ன நடந்தது என்று பார்த்தோம். ஆகவே அது இருக்கட்டும் என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனால் அதன் பாரத்தைச் சுமப்பது யார் என்பதையும் சொல்லிவிடணும். ஆட்டத்திலேயே புகழ் குறைந்தவர்கள், அவர்கள் ஜெர்சி கடைகளில் அரிதாகவே தொங்கும். எல்லாருடைய எண்ணும் பெயராகிவிட்ட காலத்தில் இவர்கள் எண் மட்டும் வேலைச்சீட்டாக இருக்கிறது. எப்போதாவது ஒருமுறை பந்தைப் பிடிக்க வாய்ப்பு வந்தால், 80,000 பேர் கத்தும் இடத்தில் ஓடிப்போய் ஒரு மனிதரிடம் வாயால் சொல்ல வேண்டும். 2015-இல் பேட்ரியாட்ஸின் டேக்கிள் நேட் சோல்டர் அப்படிச் சொல்லிவிட்டு இண்டியானாபொலிஸுக்கு எதிராக 16 கஜம் ஓடி டச்டவுன் போட்டார். கல்லூரியில் முதலில் பந்து பிடிப்பவராக ஆடியவர் அவர். டெக்கர் சொன்னது கேட்கவில்லை, அல்லது கேட்டவர் வேறு ஆளை நினைத்துக்கொண்டார்.

தகுதியை எண்ணில் எழுதுகிறோம், அதற்கான விலக்கை மட்டும் காற்றில் விடுகிறோம். இது மோசமான வடிவமைப்பு. எண் கண்ணுக்குத் தெரிவது போல விலக்கும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நடுவர் கையில் கொடுக்கும் ஒரு வண்ணக் கைப்பட்டை போதும். போட்டவர் பிடிக்கலாம், போடாதவர் பிடிக்கக் கூடாது. எதிரணியும் பார்க்கலாம், கடைசி வரிசை ரசிகரும் பார்க்கலாம்.

கைப்பட்டை வந்தால் கேம்ப்பெல் போன்றவர்களின் தந்திரங்களில் பாதி செத்துப்போகும், அது உண்மை. மூன்று பேரை நடுவரிடம் அனுப்பி எதிரியைக் குழப்புவதும் ஆட்டத்தின் ருசியில் சேர்ந்ததுதானே என்று கேட்கலாம். இருக்கலாம். ஆனால் அன்றிரவு குழப்பத்தின் விலையைக் கொடுத்தது எதிரி இல்லை. சொன்ன இடத்துக்குச் சரியாக ஓடி, சரியாகத் திரும்பி, வந்த பந்தை இரண்டு கையாலும் பிடித்த 68-ஆம் எண்காரர்தான்.